பெரியப்பாவின் மீசையில் மண்

மகனே, போன வாரம் போனில் நீ ஒன்று கேட்டாய், நான் "சாப்பிட்டியா?" என்று பதில் சொன்னேன். நீயும் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாய். கேள்வி எனக்குப் புரியாமல் இல்லை. அடுத்த மாதம் உன் கல்யாணத்தில் தாய் தகப்பன் இடத்தில் தானும் பெரியம்மாவும் மணவறையில் நிற்பதாகப் பெரியப்பா உனக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார். "நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டாய். அப்பா இல்லாத பிள்ளைக்கு அப்படிச் செய்வதுதான் வழக்கம் என்று ஊரே சொல்லும். புருஷனைப் பறிகொடுத்தவள் பந்தல்காலோடு பந்தல்காலாக ஓரத்தில் நின்று முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொள்வதும் அதே வழக்கத்தில் சேர்ந்ததுதான். என் பதில் இரண்டு வார்த்தை. ஆனால் அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் ஒன்பது வருஷம் கிடக்கிறது. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் குரல் உடையும், நீ அங்கே பதறுவாய். அதனால்தான் தையல் மெஷின் மேல் நோட்டை வைத்து எழுதுகிறேன். இதை நீ கட்டிக்கப்போகிற பெண்ணுக்கும் காட்டு. பெரியப்பாவுக்கே காட்டினாலும் எனக்கு வருத்தமில்லை. உறையை ஒட்டாமல்தான் அனுப்பப்போகிறேன்.

நம் ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை யாரும் எல்லை தாண்டி வெளியூரில் தங்கக் கூடாது. அவசரமென்று போனாலும் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும். இது உனக்கே தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் காப்புக் கட்டிய மூன்றாம் நாள்தான் வடக்கே வேலைக்கு ஆள் எடுக்கிற தேர்வுக்கு உனக்குக் கடிதம் வந்தது. நீ தயங்கினாய். "அம்மனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன், நீ கெளம்பு" என்று முந்திரிக்காட்டுக் குறுக்குப் பாதையில் உன்னைக் கூட்டிக்கொண்டு போய், கந்தர்வக்கோட்டையில் பஸ் ஏற்றிவிட்டவள் நான். அம்மனுக்குப் பதில் சொல்வது சுலபம் என்று அப்போது நினைத்தேன். சுலபம்தான். அம்மன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டவர்கள் எல்லாம் மனுஷர்கள்.

அந்த வருஷம் முளைப்பாரி சரியாக வரவில்லை. விதை போட்ட மண் ஓடுகளில் பாதியில் பயிர் அழுகி, மீதி மஞ்சளாகிச் சாய்ந்தது. தண்ணீர் கூடிப்போயிருக்கும், அல்லது விதை மக்கலாக இருந்திருக்கும். ஊருக்கு அந்தக் காரணமெல்லாம் ருசிக்குமா? எவன் எல்லை தாண்டினான் என்று தேடினார்கள். தேடுவதற்கு ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. கோயிலுக்கு முன்னால் மணலில் கூட்டம் போட்டார்கள். காப்பு உன் பெரியப்பா கையில்தான் கட்டியிருந்தது, அவர்தான் கோயில் காரியத்துக்கு எல்லாம் தலை. உன் அப்பா இருந்திருந்தால் அண்ணனும் தம்பியும் கத்திக்கொண்டிருந்துவிட்டுக் கலைந்திருப்பார்கள். நான் தனியாகப் போய் நின்றேன். பெரியப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒம் மகன் செஞ்ச தப்புக்கு நீ ஊரு முன்னால விழுந்து எந்திரிச்சிரு. அம்புட்டுத்தான். பேச்சு முடிஞ்சிரும்" என்றார்.

விழுந்தேன். இதுவரை இதை உன்னிடம் சொன்னதில்லை. "ஊர்ல கொஞ்சம் பேச்சு வந்துச்சு, சரியாப் போச்சு" என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஊர் முன்னால் விழுகிறவர்கள் தாங்களாக எழக் கூடாது. பெரியவர் ஒருவர் "எந்திரி" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லில்தான் ஊர் மன்னித்தது என்று அர்த்தம். நான் நெற்றியை மணலில் வைத்துக்கொண்டு அந்தச் சொல்லுக்காகக் காத்துக் கிடந்தேன். உன் பெரியப்பா சொல்லவில்லை. யாரோ மைக்செட்டுக்காரனைப் பற்றி ஏதோ கேட்டார்கள், அவர் அந்தப் பக்கம் திரும்பி அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு தண்ணீர் லாரி பற்றிப் பேச்சு போனது. என் மூச்சுக்காற்றில் மணல் பறந்து மூக்கில் ஏறியது. கடைசியில் நானே எழுந்தேன், நானே சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டேன், நானே வீட்டுக்கு நடந்தேன். மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறந்திருந்தால் இன்னும் கேவலம். ஒரு பொம்பளை காலடியில் கிடப்பது மறந்துபோகிற விஷயமா?

விழுந்தது பெரிதில்லை, மகனே. உனக்காக நான் எத்தனையோ பேர் முன்னால் குனிந்திருக்கிறேன். எழச் சொல்லாததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன். இந்த மனுஷன் ஒருநாள் இதே மணலில் குப்புற விழ வேண்டும், நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன். பல்லைக் கடித்துக் கடித்து நூலறுத்ததில் என் தையல்கூட இறுக்கமாகிவிட்டது என்று வாடிக்கைக்காரிகள் குறை சொன்னார்கள்.

உனக்கு வேலை கிடைத்தது. என்ன வேலை என்று ஊர் கேட்டது. பாராசூட் மடிக்கிற வேலை என்று சொன்னேன். சிரித்தார்கள். சின்ன வயதில் என் கட்டிங் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இஸ்திரி போட்ட பட்டுச்சேலைகளை மடிப்புக் கலையாமல் நீ அடுக்கியபோது சிரித்தார்களே, அதே சிரிப்பு. பெரியப்பா டீக்கடையில் சொன்னாராம்: "ஆத்தா துணி தச்சா, மகன் துணி மடிக்கிறான். குடும்பத் தொழில விடாமக் காப்பாத்துறான்ல." இதை எனக்குச் சொல்லாமல் இருக்க ஊரில் ஒருத்திக்கும் மனசு வரவில்லை. மூன்று பேர் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

போன மாதம் நீ அந்தச் செய்தியைச் சொன்னாய். பலூனில் தொங்குகிற ஒரு கூண்டில் ஏறி, இதுவரை ஒருவரும் போகாத உயரத்துக்குப் போய், அங்கிருந்து ஒருவர் குதிக்கப்போகிறார். அவர் முதுகில் இருக்கும் பாராசூட்டை மடித்து, பொறுப்புச் சீட்டில் கையெழுத்துப் போடப்போகிறவன் நீ. "ஒரு கயிறு முறுக்கிக்கிட்டாப் போதும்மா, அவரு இல்ல. கையெழுத்து மட்டும் இருக்கும்" என்று சொன்னாய். உன் குரலில் பயம் இருந்தது. எனக்கும் பயம்தான். ஆனால் என்னைக்குக் குதிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுக் காலண்டரைப் பார்த்தேன் பார், அங்கே பயம் ஓடிப்போய்விட்டது. காப்புக் கட்டிய அடுத்த வாரம்! வெளியூரில் வேலை பார்க்கிறவன்கூட ஊரோடு கிடக்கிற வாரம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

நேராகப் பெரியப்பாவிடம் போனேன். ஒன்பது வருஷத்தில் அந்த வீட்டு வாசலை நான் மிதித்தது அதுதான் முதல் தடவை. திருவிழாவுக்குக் கோயில் முன்னால் பெரிய எல்.இ.டி. திரை கட்டியிருந்தார்கள். "எம் மகன் வேலை பாக்குற எடத்துல வானத்துலருந்து குதிக்கிறாங்க அத்தான். லைவ்ல காட்டுறாங்களாம். நம்ம திரையில போட்டா ஊரே பாக்கும்" என்றேன். அவர் கையிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்தார். "நம்ம பயலா குதிக்கிறான்?" என்று கேட்டார். நான் "நீங்களே வந்து பாருங்களேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பொய் சொல்லவில்லை. திருத்தவில்லை, அவ்வளவுதான். மடித்தவன் என்று சொன்னால் மறுபடி சிரிப்பார்கள். குதிக்கிறவன் என்று அவர்களே நினைத்துக்கொண்டால் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். பார்க்கட்டும், எல்லை தாண்டியவன் எவ்வளவு தூரம் தாண்டியிருக்கிறான் என்று பார்க்கட்டும். அதன் பிறகு எழுந்து நின்று, அந்த மணலைக் காட்டி, நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்வது என்று திட்டம். வசனம்கூட மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

காலைப் பூஜை முடிந்ததும் திரையில் போட்டார்கள். பந்தல் கொள்ளாத கூட்டம். உடம்பு முழுக்க மூடிய வெள்ளை உடை, தலையில் குண்டு ஹெல்மெட், முகம் இருக்கிற இடத்தில் கண்ணாடி. அதில் வானம்தான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. பேசுகிறவர்கள் இங்கிலீஷில் விறுவிறுவென்று பேசினார்கள். ஓரத்தில் ஓடிய எழுத்தை வெயிலில் யாராலும் படிக்க முடியவில்லை. "நடையப் பாருங்கடி, அப்படியே அவுக அப்பா நடை" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. அந்த மனுஷன் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தார், நடக்கவே இல்லை. பெரியப்பா முதல் வரிசையில் இருந்தார். பலூன் ஏற ஏற அவர் துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால் போய், கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டேன். வானத்தைப் பார்ப்பதற்கு அல்ல, அவரைப் பார்ப்பதற்கு.

கதவு திறந்தது. மேலே வானம் கறுப்பாக இருந்தது, பட்டப்பகலில்! கீழே பூமி வளைந்து கிடந்தது. அந்த உருவம் படியில் வந்து நின்று, ஒரு சல்யூட் வைத்து, அப்படியே முன்னால் சாய்ந்தது. சத்தமே இல்லாமல் ஒரு மனுஷன் விழுகிறதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளைப் புள்ளி சுற்ற ஆரம்பித்தது. முதலில் மெதுவாக, பிறகு பம்பரமாக. பேசிக்கொண்டிருந்தவர்களின் குரல் உயர்ந்தது. பாஷை தெரியாவிட்டாலும் பதற்றம் புரியாதா? சரியாக அந்த நேரத்தில் படம் அப்படியே நின்றது. திரை நடுவில் ஒரு வட்டம் வந்து சுற்றிக்கொண்டே இருந்தது. நம் ஊர் நெட் வேறு எப்போது நிற்கும்?

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த வட்டம் சுற்றியபோது நான் அந்த மனுஷனை நினைக்கவில்லை. அவரையும் ஒருத்தி பெற்றிருப்பாள், எங்கேயோ உட்கார்ந்து அவளும் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைக்கவில்லை. உன் கையெழுத்தைக்கூட இரண்டாவதாகத்தான் நினைத்தேன். பெரியப்பாவின் முதுகைப் பார்த்தபடி முதலில் வந்த நினைப்பு என்ன தெரியுமா? "இந்த ஆள் முன்னால் நான் தோற்றுவிடக் கூடாது." பழி ஒரு தாயை எவ்வளவு சின்னவளாக்கும் என்பதற்கு நீ வேறெங்கும் போய்த் தேட வேண்டாம்.

அப்போதுதான் அது நடந்தது. உன் பெரியப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். முட்டிவலிக்காரர், ஓடினார். கோயில் வாசலுக்கு நேராக, நான் கிடந்த அதே மணலில், நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "ஆத்தா! எந் தம்பி புள்ளையக் காப்பாத்து. எல்லை தாண்டுனதுக்கு என்னைய எடுத்துக்க, அவன விட்டுரு" என்று கத்தினார். பொம்பளைகள் அழ ஆரம்பித்தார்கள். நான் ஒன்பது வருஷம் காத்திருந்த காட்சி, நான் கேட்ட இடத்திலேயே, ஊரே பார்க்க நடந்தது. ஆனால் அவர் என் முன்னால் விழவில்லை. அம்மன் முன்னால் விழுந்தார், அதுவும் என் மகனுக்காக. குதிக்கவே இல்லாத என் மகனுக்காக! என் வயிறு எரிந்தது மகனே. கடைக்குப் போய் ஆசையாக எடுத்த சேலையை அடுத்தவள் கட்டிக்கொண்டு வந்து நின்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

திரையில் படம் வந்தது. சிவப்பும் வெள்ளையுமாக நீ மடித்த துணி வானத்தில் விரிந்து நின்றது, ஒரு கயிறு முறுக்காமல், ஒரு ஓரம் மடங்காமல். கூட்டம் வெடித்தது. குலவை போட்டார்கள், விசிலடித்தார்கள், கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். எல்லோரும் மேலே பார்த்ததில் கீழே கிடந்தவரை எல்லோரும் மறந்துபோனார்கள். நான் மறக்கவில்லை. நான் அவர் பின்னாலேயே போயிருந்தேன். அவருக்கு முட்டி மடங்கவில்லை, எழ முடியவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்து, காப்புக் கட்டின கையை நீட்டினார். "கையைக் குடு ஆத்தா" என்றார்.

நான் கொடுக்கவில்லை. "எந்திரிங்க அத்தான்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். காது கேட்காதவள் மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஊர்ந்து போய்ப் பந்தல்காலைப் பிடித்து, முக்கி முனகித் தானாகத்தான் எழுந்தார். கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். ஒட்டியிருந்தது. இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தது. நான் நன்றாகப் பார்த்தேன். அவ்வளவு இனிப்பை நான் சக்கரைப் பொங்கலில்கூடக் கண்டதில்லை.

தரையிறங்கிய மனுஷன் ஹெல்மெட்டைக் கழற்றினார். நரை விழுந்த தலை, வேறு யாரோ. "யாரு இவன்?" என்றார் பெரியப்பா. "குதிச்சவரு. எம் மகன் அந்தத் துணிய மடிச்சவன்" என்றேன். எவ்வளவு நிதானமாகச் சொன்னேன் தெரியுமா! அவர் முகம் கறுக்கும், ஊர் முன்னால் ஏமாந்த அவமானத்தில் என்னைத் திட்டுவார், அப்போது மனப்பாடம் செய்ததை எல்லாம் அவிழ்த்துவிடலாம் என்று காத்திருந்தேன். "அப்ப நம்ம பய?" என்று கேட்டார். "தரையிலதான் நிக்கிறான், எப்பவும் போல" என்றேன். பெரியப்பா கோயில் படியில் பொத்தென்று உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். பிறகு சிரித்தார். "பய தரையிலதான் நின்னுருக்கான்யா! நல்ல வேளை, நல்ல வேளை" என்று வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர். வெட்டுவதற்கு நான் கொண்டுபோன அரிவாளை வாங்கி அவர் சாமிக்குத் தேங்காய் உடைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. என் வசனம் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

அதற்கு மறுநாள்தான் அவர் உனக்குச் சொல்லியனுப்பியது, மணவறையில் தான் நிற்பதாக. ஆசையில்தான் கேட்கிறார், அதிகாரத்தில் இல்லை. எனக்குத் தெரியும். இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி உனக்குக் கண்மாயில் நீச்சல் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். உன் அப்பா செத்த அன்று உன்னை மடியில் போட்டுக்கொண்டு பச்சைத்தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்ததும் அவர்தான். பாசம் இல்லாதவர் என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகும். ஆனால் உன்மேல் பாசம் இருக்கிறது என்பதற்காக என்னை மணலில் போட்டுவிட்டுத் தண்ணீர் லாரி பற்றிப் பேசியது இல்லையென்று ஆகிவிடுமா? உனக்கு வைத்த சோறு என் பசிக்குக் கணக்கில் வராது. இந்த மாதிரிக் கடிதத்தில் மன்னித்துவிடு என்றுதான் தாய்மார் எழுதுவார்கள். நான் எழுதப்போவதில்லை. எனக்கு இன்னும் மன்னிக்க வரவில்லை, வராததை வந்ததாக எழுதத் தெரியாது.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு ஒன்றாவது சொல்ல வேண்டுமே என்று யோசித்தேன். நாளைக்கு உனக்குக் கீழே நாலு பேர் வேலை பார்ப்பார்கள், வீட்டில் ஒருத்தி இருப்பாள், பிள்ளைகள் வரும். யாரையாவது தலை குனிய வைக்கிற நாள் உனக்கும் வரும். கோபத்தில் வைத்துவிடுவாய், மனுஷன்தானே. நிமிரச் சொல்வதை மட்டும் மறந்துவிடாதே. மறந்தால் அவர்கள் தாங்களாக எழுந்து போய்விடுவார்கள். அப்படிப் போகிறவர்கள் எதை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று உனக்குத் தெரியாது. நான் அன்று பெரியப்பாவுக்குக் கை கொடுக்காமல் நின்றதும் அதே தப்புத்தான். தெரிந்தே செய்தேன். மூன்று நாள் இனித்தது. நாலாம் நாள் அவர் நொண்டிக்கொண்டே தீர்த்தக்குடம் தூக்கிப் போனதைப் பார்த்தபோது கொஞ்சம் கசந்தது. கொஞ்சம்தான்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நான் நிற்பேன். மணவறையில் உன் தாய் இடத்தில் நான் நிற்பேன், தகப்பன் இடம் காலியாக இருக்கட்டும், அது காலியான இடம்தானே. எனக்குப் பட்டுச்சேலை எடுத்தாயிற்று, ஜாக்கெட்டும் தைத்தாயிற்று. ஊர் என்ன சொல்லும் என்று நீ பயப்படாதே, சொல்லட்டும். பெரியப்பாவுக்கு மரியாதையில் ஒரு குறையும் வைக்காதே. வெற்றிலை பாக்கு வைத்து நேரில் போய் அழை, வேட்டி துண்டு எடுத்துக் கொடு, முதல் வரிசையில் நடு நாற்காலியில் உட்கார வை. தாலி கட்டியதும் நீயும் அந்தப் பெண்ணும் என் காலில் விழுங்கள். உங்கள் நெற்றி தரையைத் தொடும் முன்னே நான் "எந்திரிங்கப்பா" என்று சொல்வேன். பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வேன். முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் காதிலும் விழட்டும்.